ஆத்தா முழுப்புள்ளியாக இருந்த மூன்றரை வருடம்

1

மே மாதம் எட்டாம் தேதி, இங்கே இங்கிலாந்தில், எங்கள் பேட்டை முதியோர் கூடத்தில் கேக் வெட்டினார்கள். ஜெர்மனியோடு நடந்த யுத்தம் முடிந்து எண்பது வருடம் ஆகிவிட்டதாம். கூடம் முழுக்கச் சின்னச் சின்னக் கொடி கட்டியிருந்தார்கள். மேசைக்கு மேசை தேநீரும் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டியும் இருந்தன. அந்த யுத்தத்துக்கு முன்னால் பிறந்து இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள் பதினோரு பேர். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்து ஆளுக்கொரு காகிதப் பூவைச் சட்டையில் குத்திவிட்டார்கள். எனக்கு முந்தானையில் குத்தினார்கள்.

அங்கே வேலை பார்க்கிற பெண் ஒருத்தி கையில் அட்டைகளோடு வந்தாள். யுத்த காலத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன பட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டு எழுதிக்கொண்டாள். பக்கத்து நாற்காலி ஜோனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. அவள் நிறையச் சொன்னாள், நடுவில் அழுதாள், பிறகு சிரித்தாள். அவளை ஐந்து வயதில் கழுத்தில் பெயர்ச்சீட்டுக் கட்டித் தெரியாத ஊருக்கு ரயிலேற்றி விட்டார்களாம். இதை அவள் எனக்கு முன்பே கையைக் காட்டியும் படம் போட்டும் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்து ஏதோ கேட்டாள். ‘இந்தியா’ புரிந்தது. ‘வார்’ புரிந்தது. ‘சேஃப்’ புரிந்தது. நான் தலையை ஆட்டிவிட்டேன். அவள் சந்தோஷமாகி என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக மகள் வள்ளி வந்தபோது அட்டைகளைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். என் பெயர் போட்ட அட்டையை வள்ளி வாசித்துத் தமிழில் சொன்னாள்: “இந்தியாவில் வளர்ந்தவர். போர் எட்டாத இடம். பத்திரமான குழந்தைப் பருவம்.”

“இப்புடியா எழுதிருக்கு?”

“ஆமாத்தா. சரியாத்தானே போட்டுருக்காக? நம்ம ஊர்ல எங்கிட்டுக் குண்டு விழுந்துச்சு?”

ஆகஸ்டு பதினைந்தில் ஜப்பான் யுத்தம் முடிந்ததற்கு இன்னொரு விழா வரும், அதோடு அட்டையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகத் தைத்து ஊர் நூலகத்தில் வைத்துவிடுவார்கள் என்றும் அவளே சொன்னாள். நாளைக்கு யார் எடுத்துப் பார்த்தாலும் அதுதான் இருக்கும்.

காரில் வரும்போது நான் முடிவு செய்துவிட்டேன். ஆகஸ்டுக்குள் அந்த அட்டையைக் கழற்ற வைக்க வேண்டும். அதற்கு நான் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும். தொண்ணூற்றொரு வயதில் அதுதான் எனக்குப் பெரிய பாடு.

2

நம் பக்கத்து ஆட்கள் படிப்பார்கள் என்பதால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். பிறந்தது கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்து ஊர். காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு வள்ளி என்னை இங்கே கூட்டி வந்தாள். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் கற்ற இங்கிலீஷ் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். எது கேட்டாலும் தலையாட்டுவேன், பிறகு தேங்க்யூ சொல்வேன். வந்த புதிதில் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனோம். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். பத்துக்கு என்றால் மார்க் போலிருக்கிறது, குறைத்துச் சொன்னால் மனுசர் சங்கடப்படுவாரே என்று பத்துக்குப் பத்து என்றேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். வள்ளி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

பேரன் நல்ல பிள்ளை. வாரம் ஒருதரம் போனில் முகம் காட்டுவான். “ஆயா, சாப்பிட்டியா?” என்பான். அவனிடம் இருக்கிற தமிழ் அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்போம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான்தான் எதையும் யாரிடமும் சொன்னதில்லையே. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். விருந்தாள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எதையாவது கேட்டால் தலையாட்டுவேன். கேட்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ அதுவே என் பதில்.

இந்தத் தலையாட்டலால் ஒருதரம் என் ஆத்தாவுக்குப் பெரிய துன்பம் வந்தது. வள்ளிக்குக்கூட அதை நான் சொன்னதில்லை.

3

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் பெகுவில் கடை பார்த்தார். மூன்று வருடத் தவணை. போகும்போது எனக்கு ஐந்து வயது. வாரம் தவறாமல் காகிதம் வரும். ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. பெரியப்பச்சி, அதாவது அப்பச்சியின் அண்ணன், முகப்பில் உட்கார்ந்து வாசிப்பார். ஆத்தா உள்ளே கதவோரம் நின்று கேட்பாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் புருசனின் அண்ணனான மச்சாண்டார் முன்னால் வந்து நிற்க மாட்டாள், பேசவும் மாட்டாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னை விட்டுக் கேட்பாள். “இருமல் தேவலையான்னு எழுதிருக்காகளான்னு கேளு புள்ள” என்று என் முதுகில் விரலால் குத்துவாள். நான் போய்ப் பெரியப்பச்சி முன்னால் நிற்பேன். வாய் வராது. அவரே, “என்ன, இருமலைக் கேக்குறாளா உங்க ஆத்தா?” என்பார். தலையாட்டுவேன்.

ரங்கூனில் குண்டு போட்டார்கள் என்று மார்கழியில் சேதி வந்தது. அதோடு காகிதம் நின்றது.

எங்கள் தலையில் குண்டு விழவில்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று இல்லாமல் போனது. முதலில் ரங்கூன் அரிசி நின்றது. வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு, தட்டில் கேப்பைக் களி. பிறகு சீமெண்ணெய் அளந்து கொடுத்தார்கள். அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான். துணிக்குச் சீட்டு, சீனிக்குச் சீட்டு. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து அங்கிருந்து குடும்பம் குடும்பமாக நம் பக்கம் வந்து வீடு கேட்டார்கள். செட்டிநாட்டில் ஆகாயக் கப்பல் இறங்க மைதானம் போட்டார்கள். தலைக்கு மேல் ஒன்று இரைந்துகொண்டு போனால் பெண்டுகள் எல்லாரும் வளவு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். ஆத்தா மட்டும், “அங்குட்டுத்தான் போகுதா? ரங்கூன் பக்கமா?” என்று கேட்பாள். யாருக்குத் தெரியும்? அது திருச்சிக்குப் போனதோ என்னவோ.

எங்கள் தெருவில் எட்டு வீட்டு ஆண்கள் அக்கரையில் இருந்தார்கள். எட்டு வீட்டிலும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஒரு பெண் வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டிருப்பாள்.

4

அடுத்த ஆடியில், உச்சிவேளையில், ராமையா வந்தார். அவர் பெகுக் கடையின் சமையல்காரர். சாக்கோட்டைப் பக்கத்து ஆள். போகும்போது தாட்டியான மனுசர். வந்து நின்றதோ கன்னம் ஒட்டி, கால் இரண்டிலும் துணி சுற்றின ஒரு உருவம். வாசற்படிக்குக் கீழே வெயிலில் நின்றார். ஆத்தாவுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது.

“ராமையாண்ணே! உள்ள வாங்க. ஏன் அங்குட்டே நிக்கிறீக?”

“இருக்கட்டும் ஆச்சி. இங்கனயே நிக்கிறேன்.”

“தண்ணியாச்சும் குடிங்க.”

“வேணாம் ஆச்சி.”

இதைப் படிக்கிற நம் பக்கத்து ஆட்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இழவு சொல்ல வருகிறவர்தான் படியேற மாட்டார், தண்ணீர் வாங்க மாட்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். செம்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஆத்தா நிற்கிறாள். அவர் கையை நீட்டவில்லை. நான் பின்வாசல் வழியாக ஓடினேன். அடுத்த தெருவில் பெரியப்பச்சி வீடு. பெரியாத்தா வடகம் பிழிந்துகொண்டிருந்தார்.

“என்னடி, இப்புடி இரைக்குது உனக்கு?”

“ராமையா வந்துருக்காக.”

“யாரு, பர்மா ராமையாவா? தண்ணி குடிச்சாகளா?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“உள்ள வந்தாகளா?”

அதற்கும் அப்படியே.

பெரியாத்தாவின் கையிலிருந்து மாவு கீழே விழுந்தது. “அப்பச்சியாடி? உங்கப்பச்சியா?”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் ஓடிவந்துவிட்டேன். ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

பெரியாத்தா போட்ட கூச்சலில், நான் திரும்பி வருவதற்குள் தெருப் பெண்டுகள் தலையை விரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். கூட்டமாக ஆத்தாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஆத்தா நடுவில் செம்போடு நிற்கிறாள், தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைகிறது. வெளியே ராமையா கத்திக்கொண்டிருந்தார்.

“அய்யோ, நான் எதுவும் சொல்லலையே! என்னைய சொல்ல விடுங்களேன்! வழியெல்லாம் வாந்திபேதி ஆச்சி, எனக்கும் வந்து பொழைச்சேன். பிள்ளைக இருக்கிற வீடு, செம்பைத் தொடக்கூடாதுன்னு நிக்கிறேன். அதுக்குப் போயி…”

ஆத்தா பெண்டுகளை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. இவுக எல்லாரும் கேக்கட்டும்.”

அவர் சொன்னார். எல்லாரும் காட்டு வழியாக நடந்தார்களாம். ஒரு ஆற்றங்கரையில் அப்பச்சிக்குக் காய்ச்சல். மாட்டு வண்டி ஒன்றில் இடம் கேட்டு அவரை ஏற்றிவிட்டு ராமையா பின்னால் நடந்திருக்கிறார். மறுநாள் அந்த வண்டியைக் காணவில்லை. பத்து நாள் தேடியும் காணவில்லை.

“உசுரோடதான் ஏத்திவிட்டேன் ஆச்சி. எம் பிள்ளைக மேல சத்தியம்.”

“போதும்ணே. உசுரோட ஏத்திவிட்டீகல்ல, அது போதும்” என்றாள் ஆத்தா. பெண்டுகள் பக்கம் திரும்பினாள். “தலையை முடிஞ்சுக்கிட்டுப் போங்க. எல்லார் வீட்லயும் உலை வைக்கணும்ல.”

5

ஆனால் ஒருதரம் ஒப்பாரி விழுந்த வீடு, விழுந்ததுதான். அதற்குப் பிறகு ஆத்தாவைக் கல்யாண வீட்டுக்கு அழைக்கிறவர்கள் தயங்கினார்கள். பெரியாத்தா ஜாடையாகப் பேசினார். “அந்தக் காட்டுல யாரு பொழைச்சா? காரியத்தைப் பண்ணி அந்த ஆத்மாவைக் கரையேத்துறதை விட்டுட்டு, நித்தம் பூ வச்சுக்கிட்டு…” ஆத்தா காதில் வாங்காதவள் மாதிரி கேப்பையைத் திரித்துக்கொண்டிருப்பாள்.

மறு வருடம் கோயிலிலிருந்து புள்ளி எடுக்க வந்தார்கள். நகரத்தார் வீடுகளில் இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமான புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து கோயில் ஏட்டில் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. ஊரில் யார் யார் குடும்பமாக இருக்கிறார்கள் என்பது அந்த ஏட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோயில் கணக்குப்பிள்ளை முகப்பில் ஏட்டை விரித்தார். பெரியப்பச்சி எதிரே இருந்தார். கெட்ட மனுசர் இல்லை. அந்தப் பஞ்சத்தில் எங்களுக்கு மாதாமாதம் தானியம் அனுப்பி வைத்தவர் அவர்தான். தம்பி பெயர் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அரைன்னு போட்டுக்கங்க.”

கதவுக்குப் பின்னால் ஆத்தா என் முதுகில் குத்தினாள். “போ. முழுசுன்னு போடச் சொல்லு.”

நான் போய் நின்றேன். கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “என்ன பாப்பா?” வாய் வரவில்லை. பின்னாலிருந்து ஆத்தா மெதுவாக, “சொல்லு புள்ள” என்கிறாள். பெரியப்பச்சி, “என்னத்தா, அரைன்னு போடலாம்கிறாளா உங்காத்தா?” என்றார். எனக்குக் கழுத்து அசையப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் கதவு திறந்தது.

ஆத்தா முகப்புக்கு வந்துவிட்டாள். மச்சாண்டார் முன்னால் அவள் வந்து நின்றது அதுதான் முதல்தரம். பெரியப்பச்சி எழுந்து நின்றுவிட்டார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“முழுசுன்னு போடுங்க” என்றாள் கணக்குப்பிள்ளையிடம்.

“ஆச்சி, பெரியவுக சொல்றாகளே…”

“அவுக தம்பியப் பறிகொடுத்துட்டதா நினைக்கிறாக, அது அவுக துக்கம். என் வீட்டு ஆளு செத்ததைப் பாத்தவுக ஒருத்தரு வரட்டும், அன்னைக்கு எழுதிக்கங்க. நீங்க அரைன்னு எழுதிப்பிட்டா அதுக்கப்புறம் அவுகளைத் தேட ஆளு ஏது? நான் போயி யார் வாசல்ல நின்னு விசாரிப்பேன்?”

கணக்குப்பிள்ளை பெரியப்பச்சியைப் பார்த்தார். பெரியப்பச்சி தூணைப் பார்த்தார். “முழுசுன்னே போடுங்க” என்றார்.

அதற்குப் பிறகு ஆத்தா சும்மா இருக்கவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் யாராவது ஒரு ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் போதும், என்னையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போவாள். வண்டி கிடைக்காவிட்டால் நடை. பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட வந்தவர்களிடமும் விசாரித்திருக்கிறாள். “மாட்டு வண்டி, காய்ச்சல்காரர், வலது புருவத்துல தழும்பு” என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்வாள். பொட்டும் பூவுமாகப் போய்க் கேட்பாள். மூன்றரை வருடம்.

6

இந்தக் கதையை ஆகஸ்டு விழாவில் சொல்லிவிடுவது என்று வள்ளியிடம் போனேன். கதையை அவளிடம் சொல்லவில்லை. பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

“நீங்களா? மேடையிலயா? டாக்டர்கிட்டயே நான்தானே ஆத்தா பேசுறேன்?”

“அன்னைக்கும் நீதான் பேசப்போற. நான் தமிழ்ல சொல்றேன், நீ அவுகளுக்குச் சொல்லு.”

“ஒரு அட்டைக்குப் போயி ஏன் இம்புட்டு? நான் வேணா அந்தப் புள்ளைட்டச் சொல்லி, சத்தமில்லாம மாத்தி எழுதச் சொல்லிடறேனே.”

“வேணாம். தலையாட்டுனது நான். நான்தான் சொல்லணும்.”

கூடத்தில் கேட்டால் ஆகஸ்டு நிகழ்ச்சி முடிவாகிவிட்டது, இடமில்லை என்றார்கள். எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினோம். ஒரு விண்ணப்பம் வந்தது. அதில் யுத்த காலத்தில் என்ன சேவை செய்தீர்கள் என்று ஒரு கட்டம். இராணுவம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, மற்றவை.

“மற்றவைன்னு போடட்டுமா?” என்றாள் வள்ளி.

“கேப்பை திரிச்சேன், தண்ணி எடுத்தேன், விசாரிக்கப் போனேன்னு போடு.”

அவள் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினாள். பதில் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை நான் ஜோனைக் கையைப் பிடித்து அட்டை மாட்டின சுவருக்கு இழுத்துப் போனேன். என் அட்டையைக் காட்டி, “நோ” என்றேன். “நோ சேஃப்.” பிறகு என் நெஞ்சைத் தொட்டு, “அப்பச்சி. பர்மா. வாக்கிங்” என்று விரலால் நடந்து காட்டினேன்.

ஜோனின் முகம் மாறியது. அவள் தன் அட்டையைக் காட்டினாள். அதிலும் பர்மா என்று இருந்ததாம், எனக்குத் தெரியாமல் போயிற்று. அவள் அப்பா பட்டாளத்துக்காரர். பர்மாவுக்குப் போய்க் காணாமல் போனார் என்று அவள் அம்மாவுக்கு அரசாங்கத்திலிருந்து காகிதம் வந்ததாம். யுத்தம் முடிந்து, ஜப்பான்காரர்களின் கைதி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். சாகிற வரைக்கும் சோற்றைத் தொடவில்லை. சோறு வெந்த வாடை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவாராம். இதையெல்லாம் வள்ளி வந்த பிறகு கேட்டுச் சொன்னாள்.

ஆபீஸ் அறைக் கதவைத் தன் கைத்தடியால் தட்டினது ஜோன்தான். உள்ளே என்ன பேசினாளோ. வெளியே வரும்போது ஐந்து விரலைக் காட்டினாள். ஐந்து நிமிடம். அவளுக்குக் கொடுத்திருந்த பத்து நிமிடத்தில் பாதி.

7

ஆகஸ்டு பதினைந்து. கூடத்தில் நூறு பேர் இருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வள்ளி பக்கத்தில் நின்றாள். நான் இரண்டு வரி சொல்வேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள்.

ராமையா வந்து வெயிலில் நின்றதைச் சொன்னேன். நான் ஓடியதைச் சொன்னேன். பெரியாத்தா கேட்டதற்கு நான் தலையாட்டியதைச் சொன்னேன். வள்ளி நிறுத்திவிட்டாள். இங்கிலீஷ் வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இதை எங்கிட்டக்கூட நீங்க சொன்னதில்லையே ஆத்தா.”

“இப்பச் சொல்றேன்ல. அவுகளுக்குச் சொல்லு.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கோயில் ஏட்டைச் சொல்லும்போது முழுசு, அரை என்பதை விளக்க அவளுக்கு நேரம் பிடித்தது. ஐந்து நிமிடம் எப்போதோ ஓடிவிட்டது. யாரும் மணி அடிக்கவில்லை.

பிறகு கடைசிக் காகிதத்தைச் சொன்னேன்.

யுத்தம் முடிந்து பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கும் ஐந்தாறு மாதம் கழித்து, மாசியில், அசாம் பக்கத்து முகாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தமிழ் ஆள் ஒருவர் எழுதின காகிதம் வந்தது. நாங்கள் விசாரித்த யாரோ யாரிடமோ சொல்லி, அது அவர் வரைக்கும் போயிருக்கிறது. தபால்காரர் கொடுத்ததும் பெரியப்பச்சி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றேன். ஆத்தா விடவில்லை. “நீ அஞ்சு படிச்சிருக்கேல்ல? நீ படி.”

படித்தேன். புருவத்தில் தழும்புள்ள செட்டியார் ஒருவர் மாட்டு வண்டியில் வந்ததும், மூன்றாம் நாள் காய்ச்சலில் போனதும், இவரே கூட இருந்து எரித்ததும் எழுதியிருந்தது. மாதம் சித்திரை. ராமையா எங்கள் வாசலுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பு. நான் எந்த எழுத்தையும் விடாமல் படித்தேன்.

“திருப்பிப் படி” என்றாள் ஆத்தா. திருப்பிப் படித்தேன்.

அன்றைக்கு நான் தலையாட்டியது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. அந்த ஒன்றை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. வள்ளி இதையும் சொன்னாள்.

ஆத்தா யாரையும் கூப்பிடவில்லை. ஊரைக் கூட்டி வளையலை உடைக்க விடவில்லை. தானே கழற்றினாள், தானே பொட்டை அழித்தாள், குளித்துவிட்டு என்னைக் கையைப் பிடித்துக்கொண்டு கணக்குப்பிள்ளையிடம் போனாள். “இன்னைக்கு அரைன்னு போட்டுக்கங்க. நேத்து வரைக்கும் முழுசு. அதை அடிச்சுத் திருத்தக்கூடாது” என்றாள். பிறகுதான் பெரியப்பச்சிக்குச் சேதி போனது. மூன்றரை வருடம் இல்லாத புருசனுக்குப் பூ வைத்தாளே என்று ஊரில் பேசினார்கள். ஆத்தா காதுக்கும் வந்தது. “எனக்குத் தெரியிற வரைக்கும் அவுகளை நான் சாகவிடல” என்றாள். வேறெதுவும் சொன்னதில்லை.

நான் உட்கார்ந்தேன். பிறகு ஜோன் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்று கேட்டாள். வள்ளி என் பக்கம் குனிந்தாள்.

“அவுக பேரு என்னன்னு கேக்குறாக ஆத்தா. உங்க ஆத்தா பேரு.”

இத்தனை நேரம் பேசியும் நான் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல இடமே வரவில்லை. கோயில் ஏட்டில் முழுசென்றாலும் அரையென்றாலும் எழுதியிருந்தது அப்பச்சி பெயர்தான். பங்கீட்டு அட்டையிலும் அப்படியே. வந்த காகிதத்தில் மேல்விலாசமும் அப்பச்சி பெயரைப் போட்டு அவர் வீட்டுக்கு என்றுதான். ஒரு இடத்திலும் அவள் பெயரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மே மாதம் வந்த அதே பெண் புது அட்டையும் பேனாவுமாக வந்து என் முன்னால் மண்டியிட்டாள். கண் சிவந்திருந்தது. மன்னிக்கச் சொன்னாள், அது எனக்கே புரிந்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளப் பெயரைச் சொல்லப்போன வள்ளியை நான் நிறுத்தினேன். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

சிகப்பி என்று எழுதினேன். மடியில் வைத்து எழுதியதில் ‘ப’ இரண்டும் கோணலாகிவிட்டன. வேறு அட்டை தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், இதையே மாட்டு என்று நானே சொன்னேன்.